பி.டி. சாருக்கு ஒரு களம்

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள் நாங்கள். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் வருகிற மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். பூப்பந்தில் (பால் பேட்மின்டன்) எங்கள் பள்ளியை மாவட்டப் போட்டி வரை கொண்டுபோனவர். கையில் எப்போதும் ஒரு மூங்கில் குச்சி இருக்கும். அடிப்பதற்கென்று பயந்திருந்தோம், அது வலையின் உயரம் பார்க்கிற அளவுகோல் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு பவுன் மோதிரம் போட்டு, மண்டபம் எடுத்து விழா நடத்தலாம் என்கிறார்கள் நண்பர்கள். பள்ளியில் ஆடுகளம் அமைத்துத் தரலாம் என்கிறேன் நான். ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரை அங்கே கால் வைக்க முடியாது. களம் என்றால் எப்படிச் செய்வது?

ச.

அன்புள்ள ச.,

மோதிரம் போடுவதென்றால் போடுங்கள். மண்டபத்தை விட்டுவிடுங்கள். வாடகை, சாப்பாடு, பிளெக்ஸ் என்று போகிற காசில் மண்ணுக்கான செலவில் பெரும்பங்கு தேறிவிடும். அந்த பிளெக்ஸில் சாரின் முகத்தைவிட நன்கொடை கொடுத்தவர்களின் முகம்தான் பெரிதாக இருக்கும், அது உங்களுக்கும் தெரியும்.

பூப்பந்து 1856 வாக்கில் தஞ்சை அரச குடும்பத்தார் ஆடியதாகச் சொல்லப்படுகிற ஆட்டம். ஆனால் டெல்டாவின் களிமண்ணுக்கும் அதற்கும் ஒத்துவராது. பந்து மஞ்சள் கம்பளி நூலால் ஆனது, எடை 27 முதல் 30 கிராம். ஈரத்தரையில் நாலு முறை விழுந்தால் நீர் குடித்துக் கனத்துவிடும், பிறகு அடித்த இடத்துக்குப் போகாது. கோடையிலோ தரையில் விரல் நுழையும் வெடிப்பு. கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் அதில்தான்.

இங்கே எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. ஒரு முழம் பள்ளம் தோண்டிச் செம்மண்ணைக் கொட்டி நிரப்புவார்கள். சுற்றிலும் களிமண், அது நீரை உள்ளே இறங்க விடாது. முதல் மழையில் அந்தப் பள்ளம் தொட்டியாகிவிடும். செம்மண் அதற்குள் கூழாகக் கிடக்கும். ஆகவே தோண்டாதீர்கள், மேடாக்குங்கள்.

களம் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். நாலு பக்கமும் ஓடுவதற்கு 3 மீட்டர் விட்டால் 30க்கு 18. நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்கட்டும், இல்லையென்றால் மாலைப் பயிற்சியில் ஓர் அணிக்குக் கண்ணில் வெயில். புல்லைச் செதுக்கி, வெடிப்புகளில் மணல் போட்டுத் தண்ணீர் விட்டு நிரப்புங்கள். அதன்மேல் கிராவல் என்கிற சரளை மண், உருளை போட்டு அமுங்கிய பிறகு 10 செ.மீ. இருக்க வேண்டும். அதற்கு மேல் சலித்த செம்மண்ணில் கொஞ்சம் மணல் கலந்து 5 செ.மீ. கணக்குப் பார்த்தால் கிராவல் 19 யூனிட் வருகிறது (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). அமுங்குவதற்கும் சேர்த்து 24 சொல்லுங்கள். செம்மண் 12. தஞ்சையை அடுத்த வல்லம் பக்கத்திலிருந்து வண்டி வரும், மண் ஏற்றிவர அரசு தரும் நடைச்சீட்டு இருக்கிறதா என்று பார்த்து இறக்குங்கள். சீட்டு இல்லாத வண்டியைப் பள்ளி வாசலில் மடக்கினால் தலை குனிய வேண்டியவர் சார்தான்.

வாட்டம், அதாவது நீர் வடியும் சரிவு, மிக முக்கியம். மீட்டருக்கு அரை செ.மீ., ஒரு பக்கக் கோட்டிலிருந்து மறுபக்கக் கோட்டுக்கு. நீளவாக்கில் வாட்டம் கொடுத்தால் ஓர் அணி மேட்டில் நிற்கும், இன்னொன்று பள்ளத்தில். தாழ்ந்த பக்கத்தில் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி வெளியே உள்ள வடிகாலோடு சேர்த்துவிடுங்கள். நான்கு ஓரமும் செங்கல் வரிசை பதித்தால் மண் கரைந்து ஓடாது. வாய்க்கால் பக்கம் மட்டும் செங்கல் தரைமட்டத்துக்கு மேல் நீட்டக் கூடாது, நீட்டினால் அதுவே அணை.

உருளை போடும் பதத்தைக் கையால்தான் பார்க்க வேண்டும். ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்குங்கள். உருண்டையாகி, விரலால் தட்டினால் இரண்டாக உடைய வேண்டும். உள்ளங்கையில் ஒட்டினால் ஈரம் அதிகம், மண் உருளையோடு பெயர்ந்து வரும். உருண்டையே ஆகாவிட்டால் தண்ணீர் தெளித்து மறுநாள் காலை பாருங்கள். கிராவலையும் ஒரே மூச்சில் கொட்டி உருட்டாமல் இரண்டு அடுக்காகப் போடுங்கள். இல்லாவிட்டால் மேலே இறுகியிருக்கும், அடியில் பொலபொலவென்று கிடந்து கார்த்திகை மழையில் உள்வாங்கும். அறுவடை முடிந்த மாசி, பங்குனிதான் இதற்குக் காலம்.

கம்பங்களைக் கான்கிரீட்டில் நேராகப் புதைக்காதீர்கள். சற்றுப் பெரிய குழாயைப் புதைத்து, கம்பத்தை அதில் இறக்கி எடுக்கிற மாதிரி வையுங்கள். மழைக்காலத்தில் கழற்றி உள்ளே வைக்கலாம், துரு பிடிக்காது. வலை நடுவில் 183 செ.மீ., கம்பத்தில் 185. இந்த 2 செ.மீ. தொய்வுக்குத்தான் சாரின் குச்சி.

மேற்கே நாலைந்து மீட்டர் தள்ளிப் பூவரசோ புங்கமோ நடுங்கள். ஆடிக்காற்றில் 27 கிராம் பந்தை ஆடுவது ஆட்டமே அல்ல.

இனி அனுமதி. தலைமை ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு வழியாகக் கல்வித்துறையிடம் எழுத்தில் வாங்கிய பிறகே முதல் வண்டி உள்ளே வர வேண்டும். அரசுப் பள்ளி இடத்தில் பெயர்ப்பலகை வைக்கத் தனியாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம், பிள்ளைகள் எப்படியும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். பணத்தை ஒருவர் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். முன்னாள் மாணவர் சங்கத்தை 1975 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்து கணக்குத் திறங்கள். மீதியை வைப்பு நிதியில் போட்டால் லட்சத்துக்கு வருடம் ஆறேழாயிரம் வட்டி வரும். பந்துக்கும் மட்டை நரம்புக்கும், மழை விட்டதும் மேல்மண் போட்டு உருட்டுவதற்கும் அது வேண்டும். களம் போட்டவர்கள் பலர், மூன்றாம் வருடம் அதைப் பார்த்தவர்கள் சிலரே.

இன்னொன்று. ஆண்டுவாரியாக அணியில் ஆடியவர்களின் பெயர்கள் சாரிடம் ஏதாவது நோட்டில் இருக்கும். அதைப் படியெடுத்துப் பள்ளியில் ஒன்று வையுங்கள். அவர் போன பின் அது யார் வீட்டுப் பரணுக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

இதையெல்லாம் அவரிடமிருந்து மறைத்து வைத்து அன்றைக்குத் திடீரென்று காட்டலாம் என்று நினைத்தால் வேண்டாம். மண் வண்டி வருவதற்கு முன்பே ஒரு மாலை அவரை அழைத்துப் போய் நிற்க வையுங்கள். மழைத்தண்ணீர் எந்த மூலையில் தேங்கும் என்று உங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரியும்.