பாடுகிறதா என்று ப்ளக்கைச் செருகிப் பார்க்காதீர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (மன்னார்குடி வாசகர்): மெல்லிசைக் குழுவில் பாஸ் கிதார் வாசிக்கிறேன். கூத்தாநல்லூரில் ஒரு வீட்டுப் பரணில், அவ்வீட்டுப் பெரியவர் 1970-களில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மார்ஷல் 50 வாட் வால்வு பாஸ் ஆம்ப்ளிஃபயரும், நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டியும் நெடுங்காலமாகச் சும்மா கிடக்கின்றன. "ப்ளக்கைச் செருகிப் பாருங்கள், பாடினால் எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அவர்கள் சொல்லும் அந்தச் சோதனையை நீங்களும் செய்யாதீர்கள், அவர்களையும் செய்யவிடாதீர்கள். மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்களுக்குள் அலுமினியத் தகட்டின் மேல் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் மின்காப்பாக நிற்கிறது; ஆண்டுக்கணக்கில் மின்சாரம் காணாமல் கிடந்தால் அந்தப் படலம் நலிந்துவிடும், உள்ளிருக்கும் திரவமும் வற்றத் தொடங்கும். அந்த நிலையில் முழு மின்னழுத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால் கண்டென்சர் சூடேறி வெடிக்கலாம். அல்லது ஓசையின்றி ஷார்ட் ஆகி, மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிட்டுப் போகலாம். கண்டென்சர் இன்றும் புதிதாகக் கிடைக்கும். நீங்கள் உண்மையில் காசு கொடுத்து வாங்குவது டிரான்ஸ்ஃபார்மர்களைத்தான்.

எனவே, ஓடாத ஆம்ப்ளிஃபயர் என்றே வைத்து விலை பேசுங்கள். பார்க்கப் போகும்போது மல்டிமீட்டர், டார்ச், ஸ்க்ரூ டிரைவர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். முதலில் ஃபியூஸைக் கழற்றிப் பாருங்கள். அதன் மேல் சிகரெட் பெட்டியின் பளபளக்கும் அலுமினியத் தாளோ செம்புக் கம்பியோ சுற்றியிருந்தால், யாரோ ஒருவர் கோளாறு எதுவென்று தேடாமல் அதை அடக்கி ஓட்டியிருக்கிறார் என்று பொருள். விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்க அது ஒன்றே போதும். அடுத்து, மூடியைக் கழற்றியதும் மூக்கை நம்புங்கள், ஏனெனில் எரிந்த வார்னிஷின் வாடை பல ஆண்டுகள் ஆனாலும் டிரான்ஸ்ஃபார்மரை விட்டுப் போவதில்லை. எதையும் தொடுவதற்கு முன் மீட்டரை டி.சி. நிலையில் வைத்துப் பெரிய கண்டென்சர்களில் மின்னழுத்தம் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். நேற்றே யாராவது ப்ளக்கைச் செருகிப் பார்த்திருந்தால் அங்கே 400 வோல்ட்டுக்கு மேல்கூடத் தங்கியிருக்கக்கூடும், அது ஆளைக் கொல்லும் அளவு.

பிறகு, வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைச் சோதியுங்கள். ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய வால்வுகளான இரண்டு இ.எல்.34-களையும் கழற்றிவிட்டு, அவற்றின் சாக்கெட்டுகளில் 3-ஆம் பின்கள் இரண்டுக்கும் இடையே மின்தடையை அளந்தால் சில பத்து ஓம்கள் காட்ட வேண்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் சுற்று அறுந்துவிட்டது. நம் டெல்டாவில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கவனமுள்ள ஒருவர் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரைக்கூட ரீவைண்டிங் செய்துவிடுவார். ஆனால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் பிரைமரியும் (வால்வுப் பக்கச் சுற்று) செகண்டரியும் (ஸ்பீக்கர் பக்கச் சுற்று) அடுக்கடுக்காக மாறி மாறிச் சுற்றப்பட்டிருக்கும். அந்த வரிசையைக் குறித்துக்கொள்ளாமல் பிரித்தவர் கையில் அதன் பழைய ஒலி திரும்புவதில்லை. அது போயிருந்தால், பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் மட்டும் விலை சொல்லுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின் மெயின்ஸ் வயரை எர்த்துடன் கூடிய புதிய மூன்று பின் வயராக மாற்றுங்கள். பின்புறத்தில் மின்னழுத்தத் தேர்வுச் சுவிட்ச் இருந்தால் அதை 245 வோல்ட்டுக்கு எதிரே வையுங்கள். நம் ஊரில் இரவு நேரத்தில் மின்னழுத்தம் ஏறுவது உங்களுக்குத் தெரியும். எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள் எல்லாவற்றையும், குறிப்பாக, வால்வுக்குள் மின்னோட்டம் மிஞ்சாமல் அடக்கும் எதிர்மின் அழுத்தத்துக்கென்று சிறியதாக ஒதுங்கி நிற்கும் பயஸ் கண்டென்சரையும் மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகே, 60 அல்லது 100 வாட் இழை பல்பை மெயின்ஸ் வயரில் சீரிஸில் இணைத்து, வால்வுகள் இல்லாமல் மின்சாரம் கொடுக்க வேண்டும், எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது, பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. மங்கிவிட்டால், இ.எல்.34 சாக்கெட்டின் 5-ஆம் பின்னில் 30 முதல் 45 வோல்ட் வரை எதிர்மின் அழுத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் வால்வைச் செருகினால் அதன் உள்தகடு சிவக்கச் சிவக்கக் காய்ந்து, சிறிது நேரத்தில் வீணாகிவிடும். ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்ப்ளிஃபயரை ஒருபோதும் வாசிக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் அப்படித்தான் எரிகிறது.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): என் பழைய மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் கடுகு நிறத்தில் இருக்கும் கண்டென்சர்களையும் சேர்த்து மொத்தமாக மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். சரியா?

பதில்: சரியல்ல. அவை முல்லார்டு நிறுவனத்தின் பாலியெஸ்டர் கண்டென்சர்கள். எலக்ட்ரோலைட்டிக் வகையைப் போல வற்றுவதில்லை, பெரும்பாலானவை இன்றும் மின்கசிவில்லாமல் இருக்கின்றன. வால்வின் கிரிட்டில் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் உள்வலை) தேவையற்ற டி.சி. கசிவதை மீட்டர் காட்டினால் அந்த ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கழற்றியவற்றை மெக்கானிக் எடுத்துச் செல்கிறேன் என்றால், அவற்றுக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): ஸ்பீக்கர் கோனில் (அதிரும் காகிதக் கூம்பு) சிறு கிழிசல் இருக்கிறது, சட்டமும் துருப்பிடித்திருக்கிறது. கோன் மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கோனின் இருபுறமும் விரல்களைச் சமமாக வைத்து மெதுவாக அழுத்துங்கள். உரசல் ஓசை கேட்கவில்லை என்றால், உப்புக்காற்று காந்த இடைவெளிக்குள் இன்னும் புகவில்லை. மீட்டரில் 16 ஓம் ஸ்பீக்கர் 12 ஓம் அளவில் காட்டினால் காயில் நலமாக இருக்கிறது. சிறு கிழிசலுக்கு, நீரில் கரைத்த வெள்ளைப் பசையில் மெல்லிய டிஷ்யூ தாளை நனைத்து இருபுறமும் ஒட்டினால் போதும். பாஸ் கிதாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்வதால் கோன் வெகுவாக முன்னும் பின்னும் போய்வரும். எனவே ஓரத்து மடிப்பில் கிழிசல் இருந்தால் மட்டும் கோன் மாற்றுவதே நல்லது. அப்போதும் சட்டத்தையும் காந்தத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, பாஸுக்கென்று செய்த கோனாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி வாசகர்): மைக் செட்காரரிடம் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதில் பாஸ் வாசிக்கலாமா?

பதில்: வீட்டில் பழகுவதற்கு வாசிக்கலாம், மேடைக்குப் போதாது. பேச்சுக்கும் பாட்டுக்கும் செய்யப்பட்ட அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அடிச்சுருதியில் தளர்ந்துவிடும். ஸ்பீக்கரை, நீண்ட வயரில் பல ஸ்பீக்கர்களை ஓட்டுவதற்கான 100 வோல்ட் லைன் முனையில் இணைக்காமல், 8 அல்லது 16 ஓம் என்று குறித்திருக்கும் முனையில் இணையுங்கள். புனல் ஸ்பீக்கரில் பாஸ் கேட்காது.