மீண்டும் எழுதுவதற்கு முன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் குமாரபாளையத்தில் வசிக்கிறேன். அப்பா கூலிக்கு ஆறு விசைத்தறிகள் ஓட்டுகிறார். 2024-இல் ப்ளஸ் டூ முடித்துவிட்டு நீட் எழுதினேன், 391 வந்தது. அதன்பின் ஓராண்டு நாமக்கல் பக்கம் ஒரு விடுதியில் தங்கி ரிப்பீட்டராகப் படித்து 2025-இல் மறுபடியும் எழுதினேன். தினமும் 14 மணி நேரம் படித்தும் 412-தான் கிடைத்தது. 21 மதிப்பெண்ணுக்காக ஒரு வருடத்தையும் அப்பாவின் பணத்தையும் செலவழித்துவிட்டேன் என்று நினைக்கும்போது சாப்பாடு இறங்கவில்லை.

விடைக்குறிப்போடு சரிபார்த்ததில், உயிரியலில் 71 சரி, 17 தவறு, 2 எழுதவில்லை. வேதியியலில் 27 சரி, 12 தவறு, 6 எழுதவில்லை. இயற்பியலில் 17 சரி, 19 தவறு, 9 எழுதவில்லை. இயற்பியலைக் கடைசியாக எடுத்தேன். 40 நிமிடம்தான் மிஞ்சியிருந்தது. முடிவில் சில வினாக்களை வாசிக்காமலேயே வட்டத்தை நிரப்பினேன்.

‘இன்னொரு தடவை எழுது சாமி’ என்கிறார் அப்பா. இன்னும் எத்தனை மணி நேரம் கூட்டிப் படிக்க வேண்டும்? பயிற்சி மையத்தை மாற்ற வேண்டுமா? நீங்கள் ஆசிரியராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

*

அன்புள்ள அம்மிணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். கணக்கை இவ்வளவு தெளிவாக எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி. நீங்கள் கேட்ட கேள்விகளுக்கான விடை பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

21 மதிப்பெண்ணுக்காக ஓர் ஆண்டு போய்விட்டது என்கிறீர்கள். அந்தக் கழித்தலே சரியானதன்று. நீங்கள் எழுதிய இரண்டு தேர்வுகளும் ஒரே அளவுகோல் கொண்டவை அல்ல. 2024-இல் 200 வினாக்களைக் கொடுத்து, அவற்றில் 180-க்கு விடையளிக்க 200 நிமிடம் தந்தார்கள். தெரியாத சிலவற்றை ஒதுக்கும் வசதி இருந்தது. 2025-இல் 180 வினாக்களும் கட்டாயம், நேரமும் 180 நிமிடம்தான். 2024-இல் திருத்தப்பட்ட முடிவின்படியே 17 பேர் 720-க்கு 720 பெற்றிருந்தார்கள். 2025-இல் நாட்டிலேயே மிக உயர்ந்த மதிப்பெண் 686. பொதுப்பிரிவின் தகுதி மதிப்பெண் 162-இலிருந்து 144-க்கு இறங்கியது. கடினமான வினாத்தாளில், குறைந்த நேரத்தில், தப்பிக்கும் வழியில்லாமல் எழுதி நீங்கள் மேலே ஏறியிருக்கிறீர்கள். இரண்டு மதிப்பெண் அட்டைகளையும் பக்கத்தில் வைத்து அகில இந்தியத் தரவரிசை எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஓராண்டில் எவ்வளவு நகர்ந்திருக்கிறீர்கள் என்பதை அந்த எண்தான் சொல்லும்.

நான் இதைச் சொல்வது வெறும் ஆறுதலுக்காக இல்லை. படித்தது பலன் தரவில்லை என்ற முடிவோடு மூன்றாம் முறை உட்காருகிறவர்கள், அனைத்தையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். சரியாகப் போட்ட 115 வினாக்களின் பாடத்தையும் பயத்தினால் திரும்பத் திரும்ப உருட்டுகிறார்கள். பதினெட்டு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்திய நான் அப்படி வீணான ஆண்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். என்னுடையதும் அவற்றுள் ஒன்று. 1994-இல் நான் ப்ளஸ் டூ மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ள மறுபடி எழுதும் இம்ப்ரூவ்மெண்ட் தேர்வை எழுதினேன். முந்தைய ஆண்டின் அதே நோட்டுகளை, அதே வரிசையில், இன்னும் அதிக நேரம் படித்தேன். இயற்பியலில் மொத்தமே ஆறு மதிப்பெண் கூடியது. எங்கே தவறினேன் என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. எழுதிக் கொடுத்த விடைத்தாளை அப்போது நான் திரும்பப் பார்க்கவே முடியவில்லை.

எனக்குக் கிடைக்காத அது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. விடைக்குறிப்பு உண்டு, நீங்கள் வட்டங்களை நிரப்பிய ஓஎம்ஆர் விடைத்தாளின் படம் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக வினாத்தாள் புத்தகமே உங்கள் வீட்டில் இருக்கிறது. நீங்கள் போட்ட ரஃப் கணக்குகள் அதில்தான் இருக்கின்றன. அந்த மூன்று மணி நேரம் உங்கள் மனம் எந்த வழியில் போயிற்று என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் ரிப்பீட்டர்களில் மிகப் பலர் அந்தப் புத்தகத்தைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுகிறார்கள். பார்த்தால் வலிக்கும் என்பது புரிகிறது. ஆயினும் அடுத்த ஓராண்டுக்கான உங்கள் முதல் பாடநூல் அதுதான்.

உங்கள் வீட்டில் தறி ஓடுவதால் இதைச் சொல்கிறேன். பாவில் ஓரிழை அறுந்துவிட்டால் அப்பா என்ன செய்வார்? தறியை நிறுத்தி, அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டு, விழுதிலும் அச்சிலும் கோத்த பிறகுதான் மறுபடி ஓட்டுவார். நிறுத்தாமல் இன்னும் நான்கு மணி நேரம் சேர்த்து ஓட்டினால் துணி நீளும், பழுதும் அதோடு நீளும். எத்தனை மணி நேரம் கூட்ட வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு இதுவே என் பதில். 14 மணி நேரமே அதிகம். இழை அறுந்த இடத்தை முதலில் தேடுங்கள்.

எனக்குத் தெரிந்த அளவில் அது எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். சரியான விடைக்கு 4 கூட்டி, தவறுக்கு 1 கழித்தால் இயற்பியலில் 49 மதிப்பெண்தான் என்பதால் எல்லோரும் இயற்பியலைக் காட்டுவார்கள். நானும் இயற்பியல் ஆசிரியன்தான். என் கண் உங்கள் உயிரியல் மீது போகிறது. இயற்பியலுக்கு 40 நிமிடம் மிஞ்சியது என்றால், உயிரியலும் வேதியியலும் சேர்ந்த 135 வினாக்களுக்கு 140 நிமிடம் போயிருக்கிறது. உயிரியலில் 90 வினாக்களையும் 50 நிமிடத்தில் முடிக்க முடிய வேண்டும், ஏனென்றால் அங்கே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு மிகக் குறைவு. தெரியும் அல்லது தெரியாது. அங்கே நேரம் கரைந்ததென்றால், நான்கு விடைகளில் இரண்டைத் தள்ளிவிட்டு மீதி இரண்டுக்கு நடுவே நீங்கள் தயங்கி நின்றிருக்கிறீர்கள் என்று பொருள். அந்தத் தயக்கம் உயிரியலில் 17 தவறுகளைத் தந்ததோடு, இயற்பியலின் நேரத்தையும் தின்றுவிட்டது.

தயக்கம் எப்படி வருகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. குன்றல் பிரிவு என்ற செல் பிரிதலில், குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கெதிர் மாற்றம் பாக்கிட்டீன் நிலையில் நடக்கிறது; அது நடந்த இடங்களான கயாஸ்மாக்கள் அடுத்த நிலையான டிப்ளோட்டீனில் கண்ணுக்குத் தெரிகின்றன. இந்தப் பக்கத்தை நீங்கள் நாற்பது முறை வாசித்திருப்பீர்கள். ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் ‘இது தெரியுமே’ என்று மனம் சொல்லியிருக்கும். கண்ணுக்குப் பழகிய வரிக்கும், புத்தகத்தை மூடிய பின் தானே எழுந்து வரும் வரிக்கும் உள்ள தூரத்தைத் தேர்வுக்கூடம்தான் காட்டுகிறது.

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் பற்றியதுதான். ஒரு பத்தியை ஒரு பிரிவினர் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது: திரும்ப வாசித்தவர்களுக்கு ஏறத்தாழ 40 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்களுக்கு ஏறத்தாழ 60 விழுக்காடும் நினைவில் நின்றன. விடுதியின் இரவுப் படிப்பு உங்களுக்குக் கொடுத்தது அந்த ஐந்து நிமிட நிறைவைத்தான் என்று அஞ்சுகிறேன். ஒரு பாடத்தை வாசித்ததும் மூடிவைத்து வெள்ளைத்தாளில் எழுதுங்கள். மூன்று நாள் கழித்து மறுபடி எழுதுங்கள். வராத வரிக்கு மட்டும் புத்தகத்தைத் திறங்கள். வாசிப்பதைவிட இது கடினமாக இருக்கும், முதல் சில வாரங்கள் ஒன்றுமே தெரியாதது போலவும் தோன்றும். அப்போது பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள்.

இயற்பியலுக்கு வருகிறேன். முடிவில் வாசிக்காமல் நிரப்பிய வட்டங்களுக்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. நான்கில் ஒன்று சரியாகும் என்று வைத்தால், நான்கு வினாக்களில் 4 மதிப்பெண் வந்து 3 போகும். பெரிய லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. உண்மையான இழப்பு, தெரியும் என்று நம்பிப் போட்டுத் தவறியவற்றில் இருக்கிறது. அங்கே வர வேண்டிய 4 வராமல், கையில் இருந்த 1-உம் போகிறது. அப்படிப்பட்ட ஒவ்வொரு வினாவும் திருந்தினால் 5 மதிப்பெண்.

அவற்றைத் தேடிப் பாருங்கள். மின்தேக்கியின் தகடுகளுக்கு நடுவே மின்காப்புப் பொருளை நுழைத்தால் சேமிக்கப்பட்ட ஆற்றல் கூடுமா, குறையுமா? மின்கலம் இணைந்தபடியே இருந்தால் மின்னழுத்தம் மாறாது, ஆற்றல் கூடும். மின்கலத்தைத் துண்டித்துவிட்டு நுழைத்தால் மின்னூட்டம் மாறாது, ஆற்றல் குறையும். சூத்திரங்கள் அத்தனையும் மனப்பாடமாக இருந்தும், எது மாறாமல் நிற்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளாத பிள்ளைகள் இதில் ஒவ்வோர் ஆண்டும் தவறினார்கள். நூறு கணக்குகள் கூடுதலாகப் போட்டாலும் அந்தப் பிழை தானாகப் போகாது. அது என்ன பிழை என்று ஒருமுறை பெயரிட்டு எழுதிவிட்டால் பெரும்பாலும் போய்விடும்.

வேதியியலைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த 12 தவறுகளையும் இதே முறையில் பாருங்கள்.

பயிற்சி மையத்தை மாற்றுவது பற்றி: எந்த மையமாக இருந்தாலும், தேர்வு முடிந்த மறுநாள் உங்கள் தவறுகளை உங்களோடு உட்கார்ந்து பார்க்க அங்கே ஓர் ஆள் உண்டா என்று மட்டும் கேளுங்கள். வாரத் தேர்வு வைத்து மதிப்பெண்ணைச் சுவரில் ஒட்டுவதோடு நிற்கும் இடமென்றால், அதற்குப் பணம் கட்டுவதைவிட வீட்டிலிருந்தே படிக்கலாம். மாதிரித் தேர்வை மதியம் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடியுங்கள். சாப்பிட்ட பிறகு, உண்மையான தேர்வு நடந்த அதே வேளையில், கறுப்புப் பேனாவால் ஓஎம்ஆர் தாளை நிரப்பி. உயிரியலுக்கு 50, வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 70, சரிபார்க்க 10 என்று நிமிடங்களைப் பிரித்து, மணி அடித்ததும் அடுத்த பாடத்துக்கு நகரப் பழகுங்கள். ஒரு மாதிரித் தேர்வை ஆராயாமல் அடுத்ததை எழுத வேண்டாம். இரவு ஏழு மணி நேரம் தூங்குங்கள். இதில் எனக்குச் சமரசம் இல்லை.

அப்பாவிடம் ஒன்றை இப்போதே பேசிவிடுங்கள். நீட் எழுத இத்தனை முறைதான் என்ற வரம்பு இல்லை. ஆகவே வரம்பை நீங்கள் இருவரும்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அதை முடிவு வந்த அன்று அழுகையோடு வைக்க முடியாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்கு அங்கே ப்ளஸ் டூ மதிப்பெண்தான் பார்க்கிறார்கள். விண்ணப்பம் போட்டு வைப்பது மருத்துவக் கனவுக்குச் செய்யும் துரோகமாகாது. ‘இன்னொரு தடவை எழுது சாமி’ என்று சொல்லும் அப்பா, வேறு வழியும் இருக்கிறது என்று தெரிந்தால் நிம்மதியாகவே தறி ஓட்டுவார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு அந்த 48 தவறான வினாக்களையும் ஒவ்வொன்றாக எழுதுங்கள். பாடமே தெரியாததா, இரண்டுக்கு நடுவே தயங்கியதா, வினாவைச் சரியாக வாசிக்காததா, நேரமில்லாமல் போனதா என்று ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு வரி போதும். இயற்பியலின் 19 வினாக்களுக்கு ரஃப் கணக்கு இருக்கும் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்.