காணாமற்போன வசனம் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர்ப் பொங்கோலிலிருந்து எழுதுகிறேன். என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா மெதடிஸ்ட், ஷார்ட் ஸ்திரீட் தமிழ் ஆலயத்தில் வளர்ந்தவர். அம்மா கத்தோலிக்கர், இன்றும் ஆஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்துக்குத்தான் போகிறார். எங்கள் வீட்டு அலமாரியில் பரிசுத்த வேதாகமமும் திருவிவிலியமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

சென்ற மாதம் எங்கள் புளோக்கில் நடந்த ஜெபக்கூட்டத்தில் யோவானின் முதலாம் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாக வாசித்தோம். ஏழாம் வசனம் என் முறை. கைப்பேசியில் ஆங்கிலத்தில் வாசித்தேன். அரை வரியில் முடிந்துவிட்டது. எதிரில் இருந்த பெரியவர் என்னை நிறுத்தி, "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே" என்று தம் தமிழ் வேதாகமத்திலிருந்து வாசித்துக்காட்டினார். "இங்கிலீஷ்காரன் வசனத்தை வெட்டிவிட்டான்" என்றார். எல்லாரும் தலையசைத்தார்கள்.

ஒரு வசனம் சேரவும் விலகவும் முடியுமென்றால், வேதம் "தேவஆவியினால் அருளப்பட்டிருக்கிறது" என்பதற்கு என்ன பொருள்? அதைச் சொல்வதும் வேதமே. தனக்குத் தானே எழுதிக்கொண்ட நற்சான்றிதழ் போல் இருக்கிறதே? பவுல் ஓரிடத்தில் "கர்த்தர் அல்ல, நானே சொல்லுகிறதாவது" என்கிறார். அதையும் தேவவசனம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? அடுத்த கூட்டத்தில் மீண்டும் அதே பகுதியை வாசிக்கப்போகிறோம். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த வசனம். பெரியவர் வாசித்த வரி அவருடைய வேதாகமத்தில் இருக்கிறது என்பது உண்மை. அதை ஆங்கிலக்காரர் வெட்டினார் என்பது உண்மையல்ல. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசரின் ஆங்கில வேதாகமத்திலும் அந்த வரி உண்டு. அது இல்லாதது பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில். லத்தீன் படிகளின் வழியாகப் புழங்கிவந்த அவ்வரியை, டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1516இலும் 1519இலும் தாம் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் சேர்க்கவில்லை. கண்டனம் எழுந்தபின் 1522இன் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அந்த மரபில் வந்த அச்சுப் பிரதிகளைப் பின்பற்றிய மொழிபெயர்ப்புகளில் அது நிலைத்தது. ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வெளிவந்த, நம் ஆலயங்களில் இன்றும் வாசிக்கப்படும் தமிழ் வேதாகமமும் அவற்றுள் ஒன்று. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவக் கோட்பாடு இந்த வரியை நம்பி நிற்பதுமில்லை. நான்காம் நூற்றாண்டில் அக்கோட்பாட்டுக்காகக் கடுமையாக வாதிட்ட கிரேக்கத் திருச்சபைத் தந்தையர் இதை மேற்கோள் காட்டவே இல்லை. கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா?

ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது இந்த ஒரு வரியல்ல என்று நினைக்கிறேன். மனிதக் கை பட்ட இடத்தில் தேவனுடைய வார்த்தை இருக்க முடியுமா என்பதே உங்கள் கேள்வி. தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நமக்கு இந்தக் கலக்கம் சற்று அதிகமாக வருவதற்கு நாம் கடன் வாங்கிய ஒரு சொல்லும் காரணம் என்பது என் எண்ணம். 1714இல் தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கின் மொழிபெயர்ப்பில் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சானபோது அதற்கு 'அஞ்சு வேத பொஸ்தகம்' என்று பெயரிட்டார்கள். பின்னர் வேதத்தோடு ஆகமமும் சேர்ந்து வேதாகமம் ஆயிற்று. இரண்டும் இம்மண்ணில் ஏற்கெனவே கனம்பெற்றிருந்த சொற்கள். வேதம் எவராலும் இயற்றப்படாதது என்பதும், சைவ ஆகமம் இறைவனே உரைத்தது என்பதும் அச்சொற்களோடு ஒட்டிவந்த எதிர்பார்ப்புகள். அந்த எதிர்பார்ப்போடு பவுலின் நிருபத்தைத் திறப்பவர், துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவனிடம் விட்டுவந்த மேலங்கியை வரும்போது எடுத்துவா என்று அவர் எழுதியிருப்பதைப் பார்த்துத் திடுக்கிடாமல் என்ன செய்வார்?

கிறிஸ்தவ வேதம் ஒருபோதும் தன்னை ஆசிரியர் இல்லாத நூலாகக் காட்டிக்கொண்டதில்லை. ஆதிமுதல் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்தறிந்து எழுதுவதாக லூக்கா தம் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். தரிசனம் கண்டு எழுதியதாக அவர் சொல்லவில்லை. ரோமருக்கு எழுதின நிருபத்தில், எழுத்தராக இருந்த தெர்தியு இடையில் புகுந்து தன் பங்குக்கு ஒரு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார். கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல், உங்களில் இன்னாருக்கு மட்டுமே ஞானஸ்நானம் கொடுத்தேன் என்று அடித்துச் சொல்லிவிட்டு, ஸ்தேவானின் வீட்டாரை மறந்துபோனது நினைவுக்கு வர, அதையும் சேர்த்துவிட்டு, இன்னும் யாருக்காவது கொடுத்தேனோ இல்லையோ அறியேன் என்கிறார். சொல்வதைச் சொன்னபடி எழுதும் எழுத்தர் வேலைதான் தெய்வ ஏவுதல் என்றால், பரிசுத்த ஆவியானவருக்கே மறதி வந்ததாக அல்லவா ஆகும்!

நீங்கள் குறிப்பிட்ட பவுலின் வாசகம் வரும், கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். பத்தாம் வசனத்தில், விவாகமானவர்களுக்கு "நான் அல்ல, கர்த்தரே" கட்டளையிடுகிறார் என்கிறார் பவுல். விவாகரத்தைப் பற்றி இயேசு சொன்னது அவருக்குத் தெரிந்திருந்தது. பன்னிரண்டாம் வசனத்தில் அவர் எடுத்துக்கொள்வதோ விசுவாசியல்லாத துணையோடு வாழ்பவர்களின் சிக்கலை. கலிலேயாவில் எழாத, கொரிந்துவில் எழுந்த சிக்கல் அது. அதற்கு இயேசுவின் வாக்கு கையில் இல்லை. ஆகவே "கர்த்தர் அல்ல, நானே" என்று கோடு கிழித்துக் காட்டிவிட்டுத் தம் தீர்ப்பைச் சொல்கிறார். அதிகாரத்தின் கடைசி வரியில், தம்மிடத்திலும் தேவனுடைய ஆவி உண்டென்று "எண்ணுகிறேன்" என்கிறார். தம் எஜமானின் வாயில் தம் வார்த்தையைத் திணிக்க மறுக்கும் இந்த நேர்மைதான், அவர் சொல்லும் மற்றவற்றையும் நான் நம்பக் காரணம். இயேசுவின் பெயரில் ஒரு வாக்கைப் புனைந்து விவாதத்தை முடித்துக்கொள்வது அவருக்கு எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்!

"எனதுரை தனதுரையாக" என்று சம்பந்தர் பாடியதை நீங்கள் கேட்டிருக்கலாம். உரை பாடுபவருடையது, அதுவே இறைவனுடையதாகவும் ஆகிறது. தேவாரத்தையும் சங்கீதங்களையும் நான் சமன்படுத்தவில்லை; அப்படிச் செய்தால் இரு தரப்பும் என்மேல் கோபப்படும், அதில் நியாயமும் இருக்கும். ஆனால் ஒருவனுடைய வாக்கு முழுக்க அவனுடையதாக இருந்துகொண்டே முழுக்க இறைவனுடையதாகவும் இருக்கக்கூடும் என்பது தமிழ்க் காதுக்குப் புதிதல்ல. பேதுருவின் இரண்டாம் நிருபம், பரிசுத்த மனுஷர் "பரிசுத்த ஆவியினாலே ஏவப்பட்டு" பேசினார்கள் என்கிறது. அங்குள்ள கிரேக்க வினைச்சொல்லே அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில், கடுங்காற்றில் அகப்பட்ட கப்பல் காற்றின் போக்கிலே கொண்டுபோகப்பட்டதைச் சொல்லவும் வருகிறது. பருவக்காற்றை நம்பிப் பாய்மரக் கப்பல்கள் வந்துபோன துறைமுகத்தில் வாழும் நமக்கு இது விளங்கக் கடினமானதன்று. காற்று கொண்டுபோகிறது என்பதற்காகக் கப்பலின் மரமும் கயிறும் மாலுமியின் பயமும் இல்லாமற்போய்விடுவதில்லை.

இனி நற்சான்றிதழ். "வேதவாக்கியங்களெல்லாம் தேவஆவியினால் அருளப்பட்டிருக்கிறது" என்னும், தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்து வசனத்தின் முந்தைய வரியைப் பாருங்கள்: தீமோத்தேயு சிறுவயதுமுதல் அறிந்த பரிசுத்த வேத எழுத்துக்களைப் பற்றியே பேச்சு. அவர் சிறுவனாக இருந்தபோது புதிய ஏற்பாடு எழுதப்படவில்லை. ஆகவே அந்த வசனம் முதலில் சுட்டுவது யூதர்களின் வேதத்தை. அந்த நிருபத்தைப் பவுலே எழுதினாரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பவுலின் நிருபங்களை "மற்ற வேதவாக்கியங்க"ளோடு சேர்த்துப் பேசும் இடம் பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் வருகிறது. அதே மூச்சில், அவற்றில் சில காரியங்கள் அறிகிறதற்கு அரிதாயிருக்கிறது என்ற முறையீடும் வருகிறது. எனக்கு மிகவும் ஆறுதலான வசனம் அது.

அந்தத் தீமோத்தேயு வசனத்தின் கிரேக்கச் சொல் தேவன் ஊதிய சுவாசம் என்று பொருள்படும். தமிழில் மூச்சும் உயிரும் ஆவிதான் என்பதால், பழைய மொழிபெயர்ப்பின் "தேவஆவி" இதை அழகாகத் தாங்குகிறது. ஆனால் நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன; வாக்கியம் நிற்பதில்லை. உபதேசத்துக்கும், கடிந்துகொள்ளுதலுக்கும், சீர்திருத்தலுக்கும், நீதியைப் படிப்பிக்குதலுக்கும் பயனுள்ளது என்று அது தொடர்கிறது. வேதத்தின் அதிகாரம் அது செய்யும் வேலையில் தெரியும் என்பதே அதன் போக்கு. "வேதம் சொல்லுது" என்று சொல்லி அடுத்தவர் வாயை மூடவைப்பது வேறு, அது என்னைக் கடிந்துகொள்ள இடங்கொடுப்பது வேறு. எந்த இறுதி அதிகாரத்துக்கும் அதனினும் பெரிய ஒன்று கையெழுத்திட முடியாது. அப்படி இட்டால் கையெழுத்திட்டதே இறுதி அதிகாரமாகிவிடும். இதனால்தான் பதினாறாம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தவாதி கால்வின், சபையின் முத்திரையையோ தர்க்க நிரூபணத்தையோ அடித்தளமாக்காமல், வாசிப்பவரின் உள்ளத்தில் ஆவியானவர் தரும் சாட்சியைச் சுட்டினார். நிரூபணம் கேட்பவருக்கு இது போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வேதாகமத்தில் இடம்பெற வேண்டிய நூல்களைத் தேர்ந்தெடுத்தது ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். 325இல் கூடிய அச்சங்கம் அந்தப் பட்டியலைத் தீர்மானிக்கவில்லை. இன்றுள்ள 27 புதிய ஏற்பாட்டு நூல்களை மட்டும் வரிசைப்படுத்தும் பட்டியல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அதற்கு வெகு முன்பே அவற்றில் பெரும்பாலானவை சபைகளில் வாசிக்கப்பட்டுவந்தன. அப்பாவின் வேதாகமத்தில் உள்ள 66 நூல்களுக்கும் அம்மாவின் விவிலியத்தில் உள்ள 73 நூல்களுக்கும் உள்ள வேறுபாடு பழைய ஏற்பாட்டைப் பற்றியது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

வசனம் சேரவும் விலகவும் முடியுமென்றால் என்ற உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். சுவிசேஷ சபைகளில் வழக்கமாகத் தரப்படும் விடை, 1978இல் சிகாகோவில் வெளியிடப்பட்ட அறிக்கையில் இருக்கிறது: ஏவுதல் என்பது மூலக் கையெழுத்துப் பிரதிக்கே உரியது, படிகளும் மொழிபெயர்ப்புகளும் மூலத்துக்கு உண்மையாக இருக்குமளவுக்கே தேவவார்த்தை. தர்க்கத்தில் குறையில்லை. ஆனால் அந்த மூலப் பிரதிகளில் ஒன்றுகூட இன்று இல்லை. நமது முழு நம்பிக்கையையும் யாரும் பார்க்க முடியாத ஒரு பிரதியில் பூட்டிவைப்பது எனக்குத் திருப்தி தரவில்லை.

எரேமியா 36ஆம் அதிகாரத்தை ஒருமுறை முழுவதும் வாசியுங்கள். வேதநூல் ஒன்று எழுதப்படுவதை வேதமே இவ்வளவு விவரமாகக் காட்டும் இடம் வேறில்லை. எரேமியா வாயினால் சொல்ல, பாருக்கு மையினால் சுருளில் எழுதுகிறார். அது ஆலயத்தில் வாசிக்கப்பட்டு, பிரபுக்களிடம் போய், கடைசியில் யோயாக்கீம் ராஜாவின் முன் வருகிறது. ஒன்பதாம் மாதம், குளிர்காலத்து வீட்டில் ராஜா கணப்புக்கு முன் உட்கார்ந்திருக்கிறார். யெகுதி மூன்று நாலு பத்திகளை வாசிக்க வாசிக்க, ராஜா சூரிக்கத்தியால் அவற்றை அறுத்து நெருப்பில் எறிகிறார். எரிக்க வேண்டாம் என்று மூன்று பேர் மன்றாடியும் கேட்கவில்லை. கோபத்தில் ஒரேயடியாக எறியவில்லை என்பதைக் கவனியுங்கள். பொறுமையாக, பத்தி பத்தியாக, சுருள் தீரும்வரை. சந்தேகமே இல்லாத மூலப் பிரதி அது. இருந்த ஒரே பிரதி, சாம்பலாகிவிட்டது.

பிறகு நடந்ததுதான் நமக்கு வேண்டியது. வேறொரு சுருளை எடுத்து எழுதும்படி கர்த்தர் சொல்கிறார். எரேமியா மறுபடியும் சொல்ல, பாருக்கு மறுபடியும் எழுதுகிறார். முதற்சுருளில் இருந்தவை எல்லாம் எழுதப்பட்டன. அதோடு நிற்கவில்லை, அவற்றுக்கு ஒத்த அநேக வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன என்று அந்த அதிகாரம் வெட்கமில்லாமல் முடிகிறது. நம் கையில் இருக்கும் எரேமியாவின் நூல் அந்த எரிந்த சுருள் அல்ல. அந்த நூலே இதைச் சொல்கிறது. சொல்லிவிட்டுத் தன் அதிகாரத்தை ஒரு மாத்திரையும் குறைத்துக்கொள்ளாமல் மேலே செல்கிறது. அதன் அதிகாரம் அந்தச் சுருளிலும் மையிலும் மட்டும் இருந்திருந்தால் ராஜா அன்றே வென்றிருப்பார். பேசியவர் உயிரோடிருந்தார், ஆகவே மீண்டும் எழுத முடிந்தது.

இதை வைத்துக்கொண்டு பிரதிகளின் வேறுபாடுகளை அலட்சியம் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. பேசியவர்மேல் மரியாதை இருப்பதால்தான் எது அவருடைய சாட்சியாளர் எழுதியது, எது பின்னால் ஓரத்திலிருந்து உள்ளே வந்தது என்று கிறிஸ்தவ அறிஞர்களே உட்கார்ந்து பிரித்தார்கள். யோவானின் அந்த வரியை விலக்கியதும் அப்படிப்பட்ட மரியாதைதான்.

அடுத்த கூட்டத்தில் அந்த வசனம் உங்கள் முறைக்கு வந்தால், கையில் எந்தப் பதிப்பு இருக்கிறதோ அதில் உள்ளபடி வாசித்துவிடுங்கள். நடுக்கூட்டத்தில் பெரியவரோடு வாதம் வேண்டாம். ஜெபம் முடிந்து தேநீர் வரும்போது அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அம்மாவின் திருவிவிலியத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அதிலும் அந்த வரி இல்லை. அது இங்கிலீஷ்காரன் அச்சடித்ததும் இல்லை. அவரே தம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துப் பார்க்கட்டும்.