லூயிஸின் 8.91 என்ன ஆனது?

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் அமெரிக்கத் தடகள வீரர் கார்ல் லூயிஸைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு 1991 டோக்கியோ உலகத் தடகளப் போட்டியின் நீளம் தாண்டுதல் காணொளியைத் தேடிப் பார்த்தேன். லூயிஸ் 8.91 மீட்டர் தாண்டுகிறார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாப் பீமன் வைத்த உலக சாதனையான 8.90-ஐ விட அதிகம். ஆனால் காற்று அதிகம் என்று சொல்லி அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். நான்கு முறை 8.80-க்கு மேல் போனவருக்கு வெள்ளி. ஒரே முறை போன மைக் பவலுக்குத் தங்கம். இது அநியாயம் இல்லையா?

க., தேனி

அன்புள்ள க.,

கோபம் சரி, காரணம்தான் தப்பு. லூயிஸின் 8.91-ஐ யாரும் ஒதுக்கவில்லை. பின்காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் அடித்தால் அந்தத் தூரம் உலக சாதனை ஆகாது, அவ்வளவுதான். அப்போது 2.9 அடித்தது. பதக்கத்துக்கு அது செல்லும், சென்றது. நான்காம் சுற்று முடிந்தபோது முதலிடத்தில் இருந்தவர் லூயிஸ்தான்.

இப்போது பவல் பக்கம் வந்து பாருங்கள். அதுவரை அவருடைய நல்ல தாண்டல் 8.54. நான்காவது தாண்டல் செல்லவில்லை, பவுல். தாண்டுவதற்கு மிதிக்கும் பலகையின் விளிம்பில் அப்போதெல்லாம் களிமண் போல ஒரு பட்டை இருந்தது. காலணி நுனி அதில் தடம் பதித்தால் சிவப்புக் கொடி, எவ்வளவு தூரம் போயிருந்தாலும் பூஜ்யம். அப்படி ஒரு கொடியைப் பார்த்துவிட்டு வந்தவர் முன்னால் 8.91 நிற்கிறது. தங்கம் வேண்டுமென்றால், கிட்டத்தட்ட 23 வருடம் உலக சாதனையாக நின்ற பீமனின் தூரத்தையும் கடந்தாக வேண்டும். ஐந்தாவது தாண்டலில் 8.95. காற்று வெறும் 0.3. (மெக்சிகோ நகரில் பீமனுக்குக் காட்டிய காற்று சரியாக 2.0. அதுவும் கடல் மட்டத்திலிருந்து 2200 மீட்டருக்கு மேல், காற்றின் தடை குறைவான உயரத்தில்! அதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை.)

சராசரி பார்த்தால் லூயிஸ்தான். அவருடைய ஆறு தாண்டலில் பவுல் ஆன ஒன்றைத் தள்ளினால் மீதி ஐந்தும் சேர்ந்து சராசரி 8.83 வருகிறது, பவலுக்கு 8.41தான். ஆனால் சராசரிக்குப் பதக்கம் என்றால் யாருமே பலகையை ஒட்டி மிதிக்க மாட்டார்கள். அரை அடி பின்னாலிருந்தே பத்திரமாகக் குதித்துவிட்டுப் போவார்கள். அதைப் பார்க்க நான் ராத்திரி கண் விழிக்க மாட்டேன்.

லூயிஸுக்காக வருத்தப்படுவதென்றால் நான் 8.91-க்கு வருத்தப்பட மாட்டேன், அதற்கு அடுத்ததற்குத்தான். பத்து வருடம், 65 போட்டி, நீளம் தாண்டுதலில் தோல்வியே தெரியாத மனிதர். ஐந்து நாள் முன்பு அதே மைதானத்தில் 100 மீட்டரை 9.86-ல் ஓடி உலக சாதனை வைத்தவர். பவலின் 8.95 ஸ்கோர் பலகையில் ஒளிர்ந்த பிறகு அவர் முறை வருகிறது. இந்தத் தடவை காற்று லேசாக எதிரே, 0.2. அதில் 8.87 தாண்டினார். சாதனைக்குச் செல்லும் காற்றில் அவர் வாழ்நாளில் தாண்டிய அதிகபட்சமே அதுதான். கடைசித் தாண்டல் 8.84. தன் உச்சத்தைத் தொட்ட அன்றே தோற்றார். காணொளியில் அந்த 8.87-ஐ மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.

பவலும் சும்மா வந்தவர் இல்லை. 1988 சியோலில் லூயிஸுக்குப் பின்னால் வெள்ளி. 1991-லேயே நியூயார்க்கில் நடந்த அமெரிக்கத் தேசியப் போட்டியில் ஒரே ஒரு சென்டிமீட்டரில் தோற்றிருந்தார்: 8.64, 8.63. அடுத்த வருடம் பார்சிலோனா ஒலிம்பிக்கில் மறுபடி லூயிஸ், 8.67-க்கு 8.64.

அப்புறம், வெண்கலம் வாங்கிய லாரி மைரிக்ஸைக் கடிதத்தில் விட்டுவிட்டீர்களே! அவர் தாண்டியது 8.42. நம் தூத்துக்குடிப் பக்கத்து ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023-ல் பெல்லாரியில் வைத்த இந்தியத் தேசிய சாதனையும் அதே 8.42.