உம் கொட்ட ஒரு ஆள்

கேள்வி: ஒரு நாவலாசிரியர் நாவலை எப்படி உருவாக்குகிறார்? மாதக்கணக்கில் எழுதும்போது உற்சாகம் வற்றாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

வற்றத்தான் செய்யும். எனக்கு 140ஆம் பக்கத்தில் வற்றியது. அப்புறம் எட்டு மாதம் நோட்டைத் திறக்கவே இல்லை. வற்றாமல் பார்த்துக்கொள்ளும் வித்தை என்னிடம் கிடையாது. வற்றியது எப்படித் திரும்ப ஊறியது என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுவது நல்லது. ஊர் பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம். ஓசூர் சிப்காட்டில் ஒரு ஆலையில் ஷிப்டு வேலை. இதுவரை ஒரே ஒரு நாவல் வந்திருக்கிறது. 300 பிரதி அச்சடித்தோம், அதில் இரண்டு பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. வீடு பெருக்கும்போதெல்லாம் என் மனைவி அதை இழுத்து நகர்த்துவாள், அந்தச் சத்தத்திலேயே விமர்சனம் முழுக்க இருக்கும். இரண்டாவது நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவுதான் நான். பெரிய எழுத்தாளர் யாராவது பதில் எழுதியிருந்தால் அதை முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

என் நாவல் ஒரு கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. எங்கள் ஊர் தக்காளிக்குப் பேர் போனது. பாலக்கோட்டு மார்க்கெட்டில் என் தாய்மாமா மண்டி வைத்திருந்தார். பரண் மேலே அவருடைய பழைய பேரேடுகள் இருந்தன. 1990களில் எழுதியவை. ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பக்கம்: தேதி, எத்தனை கூடை, என்ன விலை, கமிஷன் போக எவ்வளவு, முன்பணம் எவ்வளவு பிடித்தது. இராயக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கும் அதில் ‘தர்மபுரி மாவட்டம்’ என்றுதான் முகவரி இருக்கும். 2004 பிப்ரவரியில்தானே கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது. அப்படி ஒரு இராயக்கோட்டைக்காரர் பக்கம். வாரம் இரண்டு தடவை சரக்கு கொண்டுவந்திருக்கிறார். ஒரு நாள் நாலாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு வரி கூட இல்லை. கடன் தீர்ந்ததாகக் கோடு போட்டு அடிக்கவும் இல்லை. பக்கத்தில் முக்கால்வாசி வெள்ளையாகக் கிடந்தது.

மாமாவைக் கேட்டேன். "யாருக்குத் தெரியும்டா. வரல, அவ்ளோதான்" என்றார்.

அந்த வெள்ளைப் பக்கம் என்னை விடவில்லை. அவரைத் தேடிப் போகலாமா என்றுகூட யோசித்தேன். போகவில்லை. போய், அவர் நல்லபடியாக மளிகைக் கடை வைத்துப் பிழைக்கிறார் என்று தெரிந்துவிட்டால் எனக்கு நாவல் ஏது? பெயரை மாற்றி, ஆளை மாற்றி, காலத்தையும் இன்றைக்கு இழுத்து வந்து எழுத ஆரம்பித்தேன். அது 2021.

எழுதும் முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நீள நோட்டு. வலது பக்கத்தில் மட்டும் எழுதுவேன், இடது பக்கம் சந்தேகங்களுக்கு. ‘இவன் மாமனார் உயிரோடு இருக்கிறாரா?’, ‘மோட்டார் ரிப்பேர் ஆனது எந்த மாதம்?’ என்று இடது பக்கம் முழுக்க இப்படித்தான் இருக்கும். முதல் அத்தியாயத்தைப் பதினோரு முறை எழுதினேன். இந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள். நாவல் எதைப் பற்றியது என்று கடைசி அத்தியாயம் எழுதும்போதுதான் தெரிகிறது. அப்போது முதல் அத்தியாயத்தை எப்படியும் மறுபடி எழுதத்தான் போகிறீர்கள்.

காலக்கணக்கில் நிறையச் சறுக்கினேன். முதல் பிரதியில் என் ஆள் பொங்கலுக்கு நாற்று நட்டு, மாசி பிறப்பதற்குள் காய் பறித்துவிட்டான். மாமா அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நாற்றே நாற்றங்காலில் 25 நாள் நிற்கும், நட்ட பிறகு முதல் பறிப்புக்கு இன்னொரு 60, 70 நாள் வேண்டும். அதிலிருந்து தினசரி காலண்டர் ஒன்றை வாங்கி, எந்தச் சம்பவம் எந்தத் தாளில் வருகிறது என்று அதிலேயே எழுதி வைத்தேன். ஆச்சரியம் என்னவென்றால், பயிருக்கு ஒழுங்காக நாள் கொடுத்ததும் மனிதர்களுக்கும் நேரம் கிடைத்தது. நட்டதற்கும் பறிப்பதற்கும் நடுவில் புருஷன் பெண்டாட்டி சண்டை போட, சமாதானமாக, கடன் கேட்டு அலைய இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. கதை அங்கேதான் நடந்தது.

சரி, உற்சாகத்துக்கு வருகிறேன்.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அந்தோணி டிராலப் என்று ஒரு நாவலாசிரியர் இருந்தார். தபால் துறையில் அதிகாரி. காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். எழுப்பி விடுவதற்கென்றே வேலைக்காரருக்கு வருஷம் ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தாராம். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை. அப்படியே 47 நாவல்கள். அவர் இறந்து அடுத்த வருஷம், 1883இல், வெளிவந்த சுயசரிதையில் இதையெல்லாம் அவரே விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார். படித்ததும் எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. நானும் ஷிப்டு வேலைக்காரன்தானே, நம்மால் முடியாதா என்று செல்போனில் அலாரம் வைத்தேன்.

நாலு நாளில் நாக்கு தள்ளிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது: தமிழில் ‘போய்க்கொண்டிருந்தவனிடமிருந்து’ என்பது ஒரு வார்த்தை. ஆங்கிலக்காரர் நாலைந்து வார்த்தை கணக்கு எழுதிக்கொள்ளும் இடத்தில் நமக்கு ஒன்றுதான் ஏறுகிறது. அவருடைய 250ஐ நாம் எட்டிப் பிடிக்கப் போனால் மூச்சு வாங்காமல் என்ன செய்யும். கணக்கை மாற்றி, நாளுக்கு நோட்டில் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டேன். இரவு ஷிப்டு வாரத்தில் அதுவும் கிடையாது. இந்த ஒரு பக்கக் கணக்கு 140 பக்கம் வரை இழுத்துக்கொண்டு வந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

ஏன் என்று அப்போது தெரியவில்லை, பின்னால் யோசித்ததில் இரண்டு காரணம் கிடைத்தது. ஒன்று, முடிவை நான் முன்பே தீர்மானித்துவிட்டேன்: விலை விழுகிறது, என் ஆள் சரக்கை ரோட்டோரம் கொட்டிவிட்டு ஊரை விட்டுப் போகிறான். இதை எங்கள் பக்கம் எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறோம், பறிகூலிக்குக் கூடக் கட்டாமல் காட்டிலேயே மாட்டை விட்டு மேய்ப்பதுண்டு. தெரிந்த முடிவை நோக்கித் தினம் ஒரு பக்கம் நடப்பது சலித்துவிட்டது. இரண்டாவது காரணம்தான் பெரியது. யாரும் காத்திருக்கவில்லை.

கல்கி பொன்னியின் செல்வனை 1950இலிருந்து 1954 வரை வாராவாரம் எழுதினார். அவருக்கு உற்சாகம் குறைந்த வாரமே இருந்திருக்காது என்று நான் நம்பமாட்டேன். ஆனால் பத்திரிகை அச்சுக்குப் போயாக வேண்டும், வாசகர்கள் வாசலில் நிற்பார்கள். மறுபக்கம் ப. சிங்காரம். புயலிலே ஒரு தோணி மாதிரி ஒன்றை எழுதியவர், மொத்தம் இரண்டே நாவலோடு பேனாவை மூடிவிட்டார். கொண்டாட்டமெல்லாம் ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. இதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

எங்கள் ஆயா கதை சொல்லும்போது ஒரு நிபந்தனை வைப்பாள். உம் கொட்ட வேண்டும். ‘ம்’ நின்றால் கதையும் நின்றுவிடும். தூங்கிவிட்டோமா என்று தொட்டுக்கூடப் பார்க்கமாட்டாள், அவள் பாட்டுக்குத் திரும்பிப் படுத்துவிடுவாள். நாவல் எழுதுகிறவனுக்கு உம் கொட்ட ஆளில்லை. இருட்டில் தனியாகக் கதை சொல்வது எத்தனை நாளைக்கு முடியும்?

எனக்கு ஆள் கம்பெனி வேனில் கிடைத்தான். மாரண்டஹள்ளியில் ஏறுகிற தம்பி, பக்கத்து சீட்டு. வீட்டில் கன்னடம் பேசுவான். தமிழ் படிக்கத் தெரியும், ஆனால் பத்துப் பக்கம் சேர்ந்தாற்போல் படித்ததில்லை என்று அவனே சொல்வான். 2023 தொடக்கத்தில் ஒரு நாள் பேச்சுவாக்கில், நான் பாதியில் விட்ட கதை ஒன்று இருக்கிறது என்று சொல்லப்போக, "சொல்லுண்ணா, ஓசூர் வர்ற வரைக்கும் என்ன பண்றது" என்றான்.

சொன்னேன். மறுநாளும் சொன்னேன். மூன்றாம் நாள் நான் ஜன்னலில் தலை சாய்த்ததும் தோளைத் தட்டி, "என்னாண்ணா, அந்தப் பொண்ணு தாலியை அடமானம் வெச்சாளா இல்லியா?" என்றான். எனக்கே தெரியாது. எழுதியிருந்தால்தானே தெரியும். அன்றைக்கு வீட்டுக்குப் போய், குளிக்கக்கூட இல்லை, நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். எட்டு மாதத்துக்குப் பிறகு.

அவனிடம் இன்னொரு நன்மையும் இருந்தது. அலுப்புத் தட்டினால் தூங்கிவிடுவான். நாசூக்கெல்லாம் கிடையாது, வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். பாயோடு வந்து உட்காரும் சனம் நடுராத்திரியில் சாயும், கட்டியங்காரன் வந்து நாலு வார்த்தை பேசினால் எழுந்து உட்காரும். ஆடுகிறவர்களுக்குச் சனம் எங்கே சாய்கிறது என்று கண் முன்னால் தெரியும். எழுதுகிறவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. அவன் தூங்கிய இடத்திலெல்லாம் நோட்டில் பென்சிலால் கோடு போட்டேன். பெரும்பாலும் நான் ரசித்து ரசித்து எழுதிய வர்ணனைகள். ஏரிக்கரை சூரிய உதயம் இரண்டரைப் பக்கம், அதில் அவன் இராயக்கோட்டையைத் தாண்டியதே தெரியாமல் தூங்கினான். தூக்கிப் போட்டேன். ஆனால் எல்லாக் கோட்டுக்கும் நான் கட்டுப்படவில்லை. ஆயா செத்துப்போகும் அத்தியாயத்திலும் தூங்கினான். அது அப்படியேதான் இருக்கிறது. உம் கொட்டுகிறவன் சொன்னபடியெல்லாம் எழுத ஆரம்பித்தால் கதை அவனுடையதாகிவிடும், அதற்கு அவனே எழுதலாம்.

அப்புறம் அந்த ஜூலை மாதம் வந்தது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். ஊரெல்லாம் அதே பேச்சு. நான் இங்கே விலை விழுந்து ஒருவன் அழிகிற கதையை 200 பக்கம் தாண்டி எழுதி வைத்திருக்கிறேன், வெளியே தோட்டத்துக்கு ராத்திரிக் காவல் போடுகிறார்கள். உள்ளதைச் சொன்னால், நாவல் செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வேனில் புலம்பினேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப உன் ஆளு ஊரை விட்டுப் போய் மூணு மாசம் கழிச்சு வெலை ஏறியிருந்தா?" என்றான்.

வேனில் அதற்கு மேல் நான் பேசவில்லை. இடது பக்கத்தில் எழுதக்கூட நோட்டு கையில் இல்லை, டிக்கெட் மாதிரி ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கினேன். நிலத்தைக் குறைந்த குத்தகைக்கு விட்டுவிட்டுப் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவன், அங்கே சந்தையில் தக்காளி விலை கேட்கிறான். கடைக்காரனுக்கு இவன் யாரென்று தெரியாது. கால் கிலோ வாங்கிக்கொண்டு போகிறான். கடைசி 90 பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். கையெழுத்தே மாறிப்போகும் அளவுக்கு வேகம். அந்த மூன்று மாதம் உற்சாகத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் அது என் சாமர்த்தியம் இல்லை என்று தெரிந்ததால் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

பதிப்பாளர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஒருவர் பிரதியை ஒரு வருஷம் வைத்துக்கொண்டு பதிலே சொல்லவில்லை. இன்னொருவர் எங்கள் ஊர்ப் பேச்சில் கலந்திருக்கும் கன்னட, தெலுங்கு வார்த்தைகளை எடுக்கச் சொன்னார், நான் எடுக்கவில்லை. மூன்றாமவர் அச்சிட்டார். பணம் பற்றிக் கேட்காதீர்கள்.

கேள்வி கேட்டவருக்கு: நீங்கள் எழுதுவதை யாரிடம் சொல்லலாம் என்று பாருங்கள். எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை, இல்லாமல் இருந்தால் நல்லது. எழுத்தாளர்கள் நடை, வடிவம் என்பார்கள். உங்களுக்கு வேண்டியது ‘தாலியை வெச்சாளா இல்லியா’ என்று கேட்கிற ஆள். தங்கை, டீக்கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி. நோட்டைக் கையில் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மரியாதைக்கு நல்லா இருக்கு என்பார்கள். வாயால் சொல்லுங்கள். முகத்தைப் பாருங்கள்.

தம்பி இப்போது வேலை மாறி பெங்களூர் போய்விட்டான். வேனில் பக்கத்து சீட்டில் ஒரு பையன் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறான், அவனிடம் பேச முடியாது. இரண்டாவது நாவலை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புகிறேன். ஒரு அத்தியாயத்துக்கு ஏழெட்டுப் பதிவு. சில நாள் நீல டிக் விழ ஒரு வாரம் ஆகும், அந்த வாரம் எனக்கும் எழுத்து ஓடாது. நேற்று ராத்திரி பதினோரு மணிக்குப் பதில் வந்தது. பன்னிரண்டாம் அத்தியாயம் வரை கேட்டுவிட்டானாம். நன்றாக இருக்கிறதா என்றெல்லாம் எதுவும் சொல்லவில்லை. "அண்ணா, அந்த நாய் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டிருந்தான்.

எந்த நாய் என்று எனக்குப் புரியவே இல்லை. எழுந்து நோட்டைப் புரட்டினேன். நாலாம் அத்தியாயத்தில் ஒரு செவலை நாய் வீட்டு வாசலுக்கு வருகிறது, கிழவி அதற்கு ராகிக் களி வைக்கிறாள். அதற்கப்புறம் எங்கேயும் இல்லை.