மங்குக்கு இந்த ஊசி மருந்தல்ல

கேள்வி: எனக்கு 43 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் கொலுசு பற்றவைக்கும் வேலை. பல வருடமாகத் தீக்கு முன்னால்தான் உட்காருகிறேன். இரண்டு கன்னத்திலும் மேலுதட்டுக்கு மேலேயும் கருப்பாகப் படர்ந்துவிட்டது. தோலும் வறண்டு சொரசொரவென்று இருக்கிறது. ஏற்காட்டில் அக்கா வீட்டில் போய் இருந்தால் கொஞ்சம் தெளிகிறது, திரும்பி வந்தால் பழையபடி. தெரிந்த பெண் ஒருத்தி பேர் எதுவும் போடாத டப்பாவில் ஒரு க்ரீம் வாங்கித் தந்தாள். முதல் மாதம் முகம் பளிச்சென்று இருந்தது. இப்போது ஒரு நாள் விட்டாலும் எரிந்து சிவக்கிறது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். பார்லரில் 'ஸ்கின் பூஸ்டர்' ஊசி மூன்று தடவை போட்டால் நிறம் மாறிவிடும், 45,000 ரூபாய், கூடவே குளுதாதயோன் டிரிப்பும் ஏற்றுகிறோம் என்கிறார்கள். சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. போட்டுக்கொள்ளலாமா? மகளுக்கும் போடச் சொல்கிறார்கள்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, அந்தச் சீட்டுப் பணத்தைத் தொடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் கன்னத்தில் இருப்பது பெரும்பாலும் மங்கு. நேரில் பார்க்கும் மருத்துவர்தான் அதை உறுதி செய்ய வேண்டும். மங்குவை ஸ்கின் பூஸ்டர் போக்காது. பார்லரில் உங்களுக்குச் சொன்னதில் பெரிய தவறு அதுதான்.

அந்த ஊசியில் இருப்பது ஹயலூரானிக் அமிலம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், நம் தோலிலேயே இயல்பாக இருக்கும் பொருள்தான். ஊறிய ஜவ்வரிசி தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது போல இதுவும் தோலுக்குள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வயது ஏற ஏற, வெயில் பட்ட தோலில் இது குறைந்துகொண்டே வரும். அதைக் கூழ் போலச் செய்து, மெல்லிய ஊசியால் கன்னத்தில் அங்கங்கே துளித்துளியாகத் தோலுக்குள் வைக்கிறார்கள். மூக்கையோ கன்னத்தையோ எடுப்பாகக் காட்டப் போடும் ஃபில்லர் கெட்டியானது. இது தளர்வானது, முகத்தின் அமைப்பை மாற்றாமல் பரவி நிற்கும். மாத இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று தடவை போட்டால் வறட்சி குறையும், மெல்லிய சுருக்கங்கள் தணியும், கன்னம் வழுவழுப்பாகும். ஆறு மாதம், சிலருக்கு ஒன்பது மாதம் வரை அந்தப் பலன் நிற்கும். பிறகு உடம்பே அதைக் கரைத்துவிடும். அப்படியானால் இந்த 45,000 ஒரு தடவையோடு முடிகிற செலவும் இல்லை. அடுத்த வருடமும் வேண்டுமென்றால் அடுத்த வருடமும் கொடுக்க வேண்டும்.

இதில் நிறம் எங்கே வருகிறது? வரவே இல்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ 2023-ல் ஸ்கின்வைவ் என்ற இவ்வகை ஊசிக்கு அனுமதி கொடுத்தபோதும், கன்னத்துத் தோலை வழுவழுப்பாக்க என்றுதான் கொடுத்தது. ஈரம் ஏறிய தோலில் வெளிச்சம் பட்டால் பளபளப்பு தெரியும், அதைப் பார்த்து நிறம் கூடிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. மங்கு என்பது நிறமியை உண்டாக்கும் செல்கள் வெயிலாலும் சூட்டாலும் ஹார்மோன்களாலும் தூண்டப்பட்டு அளவுக்கு மேல் வேலை செய்வது. ஈரத்தை ஏற்றினால் அவை அடங்கிவிடாது. நம்முடைய மாநிறத் தோலில் ஊசி குத்திய இடம் கன்றினாலோ வீங்கினாலோ, அந்த இடமே பிறகு கருத்துப்போகவும் கூடும். மங்கு இருக்கும் கன்னத்தில், அதைச் சரி செய்யாமல் வரிசையாகக் குத்திக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

டிரிப் விஷயத்துக்கு நேரடியாகவே சொல்கிறேன்: வேண்டாம். நிறத்துக்காக குளுதாதயோனை நரம்பில் ஏற்றுவது பாதுகாப்பானது என்று நிரூபிக்கப்படவில்லை. கடுமையான ஒவ்வாமை, கல்லீரல், சிறுநீரகப் பாதிப்பு என்று பிலிப்பைன்ஸ் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. மருத்துவர் இல்லாத இடத்தில், அழகுக்காக, நரம்பில் எதையும் ஏற்றவிடாதீர்கள். இலவசமாகத் தருகிறோம் என்றாலும் கையை நீட்டாதீர்கள்.

உண்மையில் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது ஊசியும் இல்லை, டிரிப்பும் இல்லை. அந்தப் பேர் இல்லாத டப்பா. முதல் மாதம் பளிச்சென்று ஆகி, விட்டால் எரிந்து சிவப்பது, முகத்தில் ஸ்டீராய்டு க்ரீமை நாள்கணக்கில் பூசியவர்களிடம் நாங்கள் பார்க்கும் அதே கதை. தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரியும், பரு வரும், முகத்தில் முடி வளரும், வெயில் முன்பைவிட அதிகமாகத் தாக்கும். இதனால்தான் 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குக் கொண்டுவந்தது. லேபிளே இல்லாத டப்பாவுக்கு எந்தச் சட்டமும் தெரியாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இப்படிப்பட்ட சிவப்பழகு க்ரீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. 2023-ல் கேரளத்தின் மலப்புறம் பகுதியில் அப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, சிறுநீரில் புரதம் இறங்கியது செய்தியானது. முகத்தில் பூசியது சிறுநீரகம் வரை போகும் என்று அவர்கள் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அதனால் இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு போனால் போதும். அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாமல் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். க்ரீமை நிறுத்தியதும் சில வாரம் முகம் சிவந்து எரியும், முன்பைவிட மோசமானது போலத் தெரியும். அப்போது பயந்து திரும்ப அதையே எடுத்துப் பூசிவிடுவதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். எரிச்சலைத் தணிக்க மருத்துவர் மருந்து தருவார், அதைப் போட்டுக்கொண்டு பொறுத்துக்கொள்ளுங்கள். 43 வயதில் மாதவிலக்கு அதிகமாகப் போகிறதென்றால் ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. முகம் வெளிறிச் சோர்ந்து தெரிவதற்கு ரத்தசோகையும் ஒரு காரணம். கர்ப்பத்தடை மாத்திரையோ வேறு ஹார்மோன் மாத்திரையோ சாப்பிடுகிறீர்களா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

எரிச்சல் அடங்கிய பிறகு மங்குக்கு முறையான சிகிச்சை தொடங்கலாம். அசெலாயிக் அமில க்ரீம், சில வாரங்களுக்கு மட்டும் ஹைட்ரோகுயினோன் கலந்த க்ரீம், தேவைப்பட்டால் டிரானெக்சாமிக் அமில மாத்திரை என்று வழிகள் இருக்கின்றன. அந்த மாத்திரை ரத்தம் உறைவதைக் கூட்டக்கூடியது, அதனால் மருத்துவர் உங்கள் உடல்நிலையைக் கேட்டுத்தான் தருவார், கடையில் நீங்களாக வாங்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும். இப்போதே தொடங்கினால்தான் தை மாதத்துக்குள் ஓரளவு தெளியும்.

ஏற்காட்டில் தெளிவதற்கு நீங்களே விடை எழுதியிருக்கிறீர்கள். அக்கா வீட்டில் இருக்கும்போது நீங்கள் தீக்கு முன்னால் உட்காருவதில்லை. சூடே மங்குவைக் கிளறிவிடும். ஆனால் மலையில் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று வெயிலில் வெறும் முகத்தோடு நடக்காதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று ஜில்லென்று இருந்தாலும் கதிர் சேலத்தைவிடக் கடுமை.

பட்டறையில் முதலாளியிடம் பேசிப் பாருங்கள். கல்யாணம் வரை பற்றவைக்கும் வேலையை விட்டு, வளையம் மாட்டுவது, சலங்கை கோர்ப்பது போன்ற வேலைக்கு மாற முடியுமா? கூலியில் குறையும் என்றால் பாதி நாளாவது மாறிக்கொள்ளுங்கள். நீங்கள் எத்தனை பேருக்குக் கொலுசு செய்து கொடுத்திருப்பீர்கள், உங்கள் முகத்துக்காக இதைக் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். முடியாவிட்டால் தீயிலிருந்து முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து உட்காருங்கள், நடுநடுவே எழுந்து பச்சைத் தண்ணீரில் முகம் கழுவுங்கள்.

சன்ஸ்க்ரீன் கட்டாயம். மங்குக்கு வெள்ளையாக இருக்கும் சாதா சன்ஸ்க்ரீனைவிட, அயர்ன் ஆக்சைடு கலந்து தோல் நிறத்தில் வரும் வகை நல்லது. வெயிலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்குவைக் கூட்டும், அதையும் இது தடுக்கும். எஸ்.பி.எஃப் (வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண்) 30-க்குக் குறையாமல் வாங்கி, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். வெளியே இருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். வறட்சிக்குக் குளித்ததும் ஈரத்தோடு ஒரு சாதாரண மாய்ஸ்சரைசர் போதும், சொரசொரப்பில் பாதி அதிலேயே அடங்கும்.

இதெல்லாம் முடிந்து, தோல் ஆறி, ஒரு வருடம் கழித்தும் வழுவழுப்புக்காக அந்த ஊசி போட்டுக்கொள்ள ஆசை இருந்தால் நான் தடுக்க மாட்டேன். அது உங்கள் முகம், உங்கள் உழைப்பில் வந்த பணம். ஆனால் பார்லரில் வேண்டாம். தோல் மருத்துவத்தில் எம்.டி அல்லது டிப்ளமோ படித்தவரா, மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். மருந்துப் பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லி, பெயர், காலாவதித் தேதி, தொகுதி எண் மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அபூர்வமாக மருந்து ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்துவிடலாம். தோல் வெளுத்து, தாங்க முடியாத வலி வந்தால் உடனே கரைக்க ஹயலூரானிடேஸ் என்ற மருந்து வேண்டும். அது கையில் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லை என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மகளுக்கு இந்த ஊசி தேவையே இல்லை. கல்யாணத்துக்கு முந்தைய மாதத்தில் புதிதாக எந்த ஊசியும், எந்த க்ரீமும், எந்த ஃபேஷியலும் அவள் முகத்தில் முதன்முதலாகச் சோதிக்க வேண்டாம், வீக்கமும் கன்றலும் முகூர்த்த நாளில் வந்து நிற்கும். அந்த டப்பாவை அவளும் எடுத்துப் பூசியிருக்கிறாளா என்று இன்றைக்கே கேளுங்கள். பூசியிருந்தால் ஆஸ்பத்திரிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.