விற்றவர் ‘செட் செய்தது’ என்று கொடுத்த ஹெலிகாப்டரை அப்படியே பறக்கவிடலாமா?

கேள்வி: இணையத்தில் ஒருவரிடம் 450 ரக ரிமோட் ஹெலிகாப்டர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். டிரான்ஸ்மிட்டரும் சேர்த்துக் கொடுத்தார். “எல்லாம் செட் செய்துதான் இருக்கிறது, பேட்டரியை மாட்டிப் பறக்கவிட வேண்டியதுதான்” என்றார். 14 வயது மகனோடு புளோக்குக்குக் கீழே உள்ள திடலில் பறக்கவிடலாமா? – ஈசூன் வாசகர்

பதில்: திடல் வேண்டாம். ஈசூன் செம்பவாங் விமானத் தளத்துக்கு மிக அருகில் இருக்கிறது. விமான நிலையம் அல்லது விமானத் தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிட சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 200 அடிக்கு மேல் பறப்பதற்கும் இதே விதிதான். சாங்கி, பாய லேபார், சிலேத்தார், செம்பவாங், தெங்கா என்று வட்டம் போட்டுப் பார்த்தால் தீவில் மிச்சம் இருக்கும் இடம் கொஞ்சம்தான். அரசாங்கத்தின் ஒன்மேப் இணைய வரைபடத்தில் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். அப்புறம், 250 கிராமுக்கு மேல் எடையுள்ள எதையும் பதிவு செய்தாக வேண்டும். 450 ரகம் அதைத் தாராளமாகத் தாண்டும். பதிவு செய்பவருக்கு 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்பதால் உங்கள் பெயரில் பதியுங்கள். 2025 டிசம்பர் 1 முதல் இந்த எடைக்கு மேற்பட்டவை வெளியே பறக்கும்போது தம் அடையாளத்தை ஒலிபரப்பும் ‘பி-ரிட்’ கருவியும் தேவை.

இனி ‘செட் செய்தது’ என்ற பேச்சுக்கு வருவோம். விற்றவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவர் கைக்கு ஏற்றபடி செட் செய்திருப்பார், அவ்வளவுதான். தலைகீழாகப் பறக்கவிடுகிறவரின் செட்டிங் உங்கள் கையில் ஆபத்து.

450 ரகத்தின் பிளேடு சுமார் 325 மில்லிமீட்டர் நீளம். நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேல் போகும். விரலோ கண்ணோ போவதற்கு அது மேலே ஏறியிருக்க வேண்டியதில்லை; வீட்டு மேசைமேல் இருக்கும்போதே மோட்டார் சட்டென்று ஓடினால் போதும். அதனால் முதல் வேலையாக முதன்மை பிளேடுகளையும் வால் பிளேடுகளையும் கழற்றிவிடுங்கள். மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களில் இரண்டைப் பிரித்து, ஒன்றையொன்று தொடாதபடி டேப் சுற்றுங்கள். இப்போது பேட்டரியை மாட்டினால் சர்வோக்கள் (பிளேடு கோணத்தை மாற்றும் சிறு மோட்டார்கள்) வேலை செய்யும், முதன்மை மோட்டார் ஓடாது. டிரான்ஸ்மிட்டரை முதலில் போட வேண்டும், கடைசியில்தான் அணைக்க வேண்டும். பேட்டரியை மாட்டியதும் கைரோ (ஹெலிகாப்டர் தானாகத் திரும்புவதை உணர்ந்து திருத்தும் கருவி) தயாராகும் வரை ஹெலிகாப்டரை அசைக்காதீர்கள்.

அடுத்து கைரோ சோதனை. இதற்கு அவசரப்படவே கூடாது. இடப்பக்கம் திருப்பும் ஸ்டிக்கைத் தள்ளி, வால் சர்வோ தண்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறது என்று பாருங்கள். பிறகு ஸ்டிக்கைத் தொடாமல், ஹெலிகாப்டரின் மூக்கைக் கையால் வலப்பக்கம் வெடுக்கென்று திருப்புங்கள். தண்டு முன்பு நகர்ந்த அதே பக்கம் நகர வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் கைரோ தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படியே பறக்கவிட்டால் தரையை விட்டு எழும்பியதுமே பம்பரமாகச் சுற்றும், ஸ்டிக்குக்குக் கட்டுப்படாது. உங்களுடையது ஃபிளைபார்லெஸ் வகை (சுழலியின் மேல் சமநிலைத் தண்டு இல்லாதது) என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: மூக்கைக் கீழே சாய்க்கும்போது ஸ்வாஷ்பிளேட் (சர்வோக்களின் அசைவைப் பிளேடுகளுக்குக் கடத்தும் தட்டு) பின்பக்கமும், இடது பக்கம் சாய்க்கும்போது வலது பக்கமும் சாய வேண்டும். இதில் பிசகு இருந்தால் ஏறும்போதே கவிழ்ந்து பிளேடு தரையில் அடிக்கும்.

பழைய மெஷினில் பலர் மாட்டிக்கொள்வது ‘ஐடில் அப்’ சுவிட்சில். சாதாரண நிலையில் திராட்டில் (மோட்டார் வேக) ஸ்டிக்கை முழுக்கக் கீழே இழுத்தால் மோட்டார் நின்றுவிடும். சாகசம் செய்கிறவரின் ஐடில் அப் நிலையில் அது நிற்காது. பிட்ச், அதாவது பிளேடு கோணம், எதிர்த்திசைக்குப் போய், முழு வேகத்தில் சுற்றும் பிளேடு ஹெலிகாப்டரைத் தரையில் அறையும். பதற்றத்தில் எல்லோரும் செய்வது ஸ்டிக்கைக் கீழே இழுப்பதுதானே! எனவே தொடக்கத்துக்கு ஐடில் அப்பை மெனுவிலேயே செயலிழக்கச் செய்யுங்கள். மோட்டாரை நிறுத்துவதற்கு ‘திராட்டில் ஹோல்டு’ சுவிட்ச் எங்கே என்று விரலுக்குப் பழக்குங்கள். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைந்திருக்கிறதா என்பதையும், பிளேடுகள் இல்லாமலே மோட்டார் வயர்களை மாட்டி, இந்த மேசையிலேயே சோதித்துவிட்டு மீண்டும் பிரித்துவிடலாம். சரி, பிட்ச்: ஸ்டிக் நடுவில் இருக்கும்போது ஸ்வாஷ்பிளேட் மட்டமாகவும் பிளேடு கோணம் 0 டிகிரியாகவும் இருக்கட்டும். கற்றுக்கொள்பவருக்கு ஸ்டிக் முழுக்கக் கீழே இருக்கும்போது எதிர்த்திசையில் 3, மேலே இருக்கும்போது 10 டிகிரி போதும். இதை அளக்க மட்டும் பிளேடுகளை மாட்டிக்கொள்ளுங்கள்; மோட்டார் வயர் பிரிந்தே இருக்கட்டும்.

பிளேடில் வெடிப்போ, நுனியில் சிதைவோ தெரிந்தால் புதிது வாங்குங்கள். பசை போட்டு ஒட்டி மிச்சம் பிடிக்கிற இடமல்ல இது. உலோகத்தில் இறங்கும் திருகுகளுக்கு நீல நிறத் திருகுப்பசை ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் வேண்டாம், அரித்துவிடும். பிளேடு போல்ட்டை, ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் பிடித்தால் பிளேடு தானாகத் தொங்காமலும் லேசாக உலுக்கினால் மடங்கும்படியும் இறுக்குங்கள்.

பழைய லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜே போடாதீர்கள். நன்றாக இருந்தாலும், தாழ்வாரத்துச் செருப்பு அலமாரி பக்கத்தில் அல்ல, தரைக்கல் மேல், ஆள் இருக்கும்போது போடுங்கள். வைத்திருக்கும்போது ஒரு செல்லுக்கு சுமார் 3.8 வோல்ட் இருக்கட்டும். நம்மூர் வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மகனுக்கு முதலில் கணினி சிமுலேட்டர். பயல்கள் இதில் அப்பாக்களைச் சீக்கிரம் முந்திவிடுவார்கள், அதற்கும் தயாராகுங்கள். நிஜத்தில் முதல் முறை மோட்டாரை ஓட்டும்போது காற்றில்லாத காலை நேரம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, குறைந்தது 10 மீட்டர் தூரம். மகன் உங்களுக்குப் பின்னால். எழுப்பாமல் சுற்றவிட்டு, நடுக்கம் தெரிந்தால் உடனே ஹோல்டு போடுங்கள். டைமர் 4 நிமிடம். இறங்கிய பிறகு பிளேடு முழுதாக நிற்கும் வரை அருகே போகாதீர்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகே டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள்.